பக்கத்து ஊரும் கடைசி ஊரும்

1896-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதக் கடைசி. பொழுது விடியாத இருட்டில் விழுப்புரம் ரயில் நிலையத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இறங்கினான். மதுரையில் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி வந்தவன். போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. பழைய வரைபடப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, அதற்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று முடிவு செய்து, திண்டிவனத்துக்கே டிக்கெட் எடுத்திருந்தான். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று சொன்னவர், கூடப் பயணம் செய்த மௌல்வி ஒருவர். கையில் மிச்சம் இருந்ததோ சில அணாக்கள். விடிந்ததும் நடந்தே போய்விடலாம் என்று ஊருக்குள் வழிகாட்டிப் பலகை தேடி அலைந்தான். 'மாம்பழப்பட்டு' என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. அவன் தேடிய பெயர் படவில்லை. மாம்பழப்பட்டு என்பது திருவண்ணாமலை போகிற வழியில் இருக்கிற ஊர்தான் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

பையன் பெயர் வேங்கடராமன். பிற்பாடு ரமண மகரிஷி. பிறந்த ஊர் திருச்சுழி.

ரமணரின் வாழ்க்கை வரலாறுகளில் இது இரண்டு வரிச் செய்தி. படிக்கிறவர்கள் அருணாசலத்தை நோக்கி வேகமாகப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பலகையைத் தாண்டிப் போக முடியவில்லை. பலகை பொய் சொல்லவில்லை. பையனும் படிக்கத் தெரியாதவன் இல்லை. அந்தப் பலகை உள்ளூர்க்காரர்களுக்காக எழுதப்பட்டது; பையன் வெளியூர். பலகை பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னது. பையனுக்கு வேண்டியது கடைசி ஊரின் பெயர்.

சாலையோரம் நடப்படும் எந்தக் கல்லும், எந்தப் பலகையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இடம் கொஞ்சம்தான். அடுத்து வரும் ஊரை எழுதுவதா, சாலை போய் முடியும் ஊரை எழுதுவதா? எந்த மொழியில், எந்த எண்ணில்? யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுவது? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சாலைகளை வைத்து இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், எழுத்தும் நிறமும் மாறிய கதையோடு சேர்ந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒவ்வொரு முறை வடிவம் மாறும்போதும், பலகை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதும் மாறியிருக்கிறது.

கிழக்காம, தெக்காம

இந்த வட்டாரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மழையை நம்பிய பூமி. கரிசலும் செவலும் கலந்து கிடக்கும். கண்மாய், கண்மாய்க்கரைப் பனைகள், மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். திருச்சுழியை ஒட்டிப் போகிற குண்டாறு வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். மேடு பள்ளம் அதிகம் இல்லாத வெளி என்பதால் தூரத்துக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்தால் வந்திருக்க மாட்டோம்.

இங்கே வழி கேட்டால் இடது வலது என்று யாரும் சொல்வதில்லை. "இந்தா, இப்படியே கெழக்காம போங்க. கம்மாக்கரை வரும். ஏறி எறங்கி வடக்காம திரும்புனா ஒரு ஆலமரம். அங்கனக்குள்ள கேளுங்க, சொல்லுவாக." திசைதான் முதல் அடையாளம். அடுத்தது நீர்நிலை, மரம், கோயில். கடைசியில் 'அங்கன கேளுங்க'. முழு வழியையும் ஒரே ஆள் சொல்லிவிடுவதில்லை. கொஞ்ச தூரத்துக்குத்தான் அவர் பொறுப்பு. அடுத்த ஆள் அடுத்த துண்டைச் சொல்வார். விழுப்புரத்துப் பலகையும் இதே குணம் உள்ளதுதான். மாம்பழப்பட்டு வரை போ, அங்கே கேட்டுக்கொள்.

தூரத்தைச் சொல்லப் பழந்தமிழில் இருந்த சொற்களும் உடம்பிலிருந்து வந்தவை. கூப்பிடு தூரம் என்றால் குரல் எட்டும் தூரம். நாழிகை வழி என்றால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் போகும் தூரம். காதம் அதைவிடப் பெரியது. சுமார் பத்து மைல் என்று அகராதிகள் சொன்னாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் கூடும், குறையும். நடக்கிறவனின் கால்தான் அளவுகோல் என்றால் அப்படித்தானே இருக்கும்?

குழி எண்ணிப் படித்தவர்கள்

தமிழ்நாட்டில் கிடைத்த பழைய வழிக்கற்களில் புகழ்பெற்றது தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழிக் கல். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுவது. நாவற்தாவளத்துக்கு இன்னும் 29 காதம் என்கிறது அது. எழுத்துக்குக் கீழே குழிகள் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஆள் விரலை விட்டு எண்ணிக்கொள்ளலாம். இருட்டில் வருகிறவனும்கூட.

இந்தக் கல் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, படிக்கத் தெரியாதவனையும் கணக்கில் எடுத்த கல் அது. இரண்டாவது, அது சொல்வது பக்கத்து ஊரை அல்ல, 29 காதத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஊரை. தாவளம் என்றால் வணிகர்கள் தங்கிச் சரக்கு மாற்றும் இடம். பொதிமாட்டோடு வரும் வணிகனுக்கு அடுத்த கிராமம் எதுவென்று தெரிய வேண்டிய அவசியம் குறைவு. சந்தை எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ஆக, 'அந்தக் காலத்தில் எல்லாம் பக்கத்து ஊரைச் சொன்னார்கள், இப்போதுதான் கெட்டுப்போச்சு' என்று புலம்ப முடியாது. பெருவழி என்பது பெருவணிகனின் வழி. அதன் கல்லும் அவனோடு பேசியது.

உள்ளூர்க்காரனுக்கு வேறு கல் இருந்தது. பாண்டி நாட்டுச் சாலைகளில் இன்றும் அங்கங்கே நிற்கும் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மறுபடி தூக்கிக்கொள்ளும் உயரம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் உண்டு. அதில் பெரும்பாலும் ஊர்ப்பெயரோ தூரமோ இருக்காது. ஆனால் நடக்கிறவருக்கு அதுதான் தூரக் கணக்கு. 'சுமைதாங்கி தாண்டி ரெண்டாவது ஊரு' என்றால் போதும்.

17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-இன் தொடக்கத்திலும் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் தென்மாவட்டங்களில் இன்னும் 'மங்கம்மாள் சாலை' என்று வழங்குகிறது. மக்கள் நினைவில் அவள் சாலைக்கு அடையாளம் மரமும் சத்திரமும்தான். வெயில் பூமியில் நிழல்தான் முதல் வழிகாட்டி. புளியமர வரிசை எந்தப் பக்கம் போகிறதோ, ரோடு அந்தப் பக்கம்.

இரண்டு பேருக்கு எழுதிய கல்

வெள்ளைக்காரர்கள் மைலைக் கொண்டுவந்தார்கள். மைலோடு பர்லாங்கும் வந்தது. எட்டு பர்லாங்கு ஒரு மைல். தூரம் முதல்முறையாக நடக்கிறவனின் காலைவிட்டு இறங்கிச் சங்கிலி பிடித்து அளக்கிறவன் கைக்குப் போனது.

தென்மாவட்டங்களில் அவ்வப்போது வெளிவரும் ஆங்கிலேயர் காலத்து மைல்கற்களில், ஊர்ப்பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும், தூரம் ரோமன் எண்ணிலும் தமிழ் எண்ணிலும் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். இருபத்து நான்கு மைல் என்றால் தமிழில் ௨௰௪. 'இரண்டு, பத்து, நான்கு' என்று நாம் வாயால் சொல்கிற வரிசையிலேயே எழுதுவது. ரோமன் முறையில் பத்துக்கான எழுத்தை இரண்டு தடவை போட்டு, பிறகு நான்கு. இரண்டிலும் பூஜ்யத்துக்கு வேலை இல்லை. எழுதியவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, கல்லில் அந்த இரண்டு முறைகளும் அண்ணன் தம்பி மாதிரி நின்றன.

அந்தக் கல் இரண்டு பேரைப் பார்த்துப் பேசியது. குதிரையில் வரும் துரைக்கு ஒரு வரி, வண்டியோட்டிக்கு ஒரு வரி. குழி எண்ணிப் படித்தவனுக்கு அதில் இடம் இல்லை. சொன்ன ஊர் எது? பெரும்பாலும் கச்சேரி இருந்த ஊர், தாலுகா தலைநகர், படை நின்ற ஊர். வணிகனின் தாவளம் போய், கலெக்டரின் தலைமையிடம் வந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதில் சேர்ந்தன. மனு கொடுக்க, கிஸ்தி கட்ட, கேஸ் நடத்த மக்கள் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பது மாறியது. எந்த ஊர் 'முக்கிய ஊர்' என்பதும் அதோடு மாறியது.

மஞ்சள் தலை, பச்சைத் தலை

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1934-இல் தொடங்கியது. ஜெயகர் குழுவின் பரிந்துரையில் உருவான பொறியாளர் அமைப்பு அது. கல் எவ்வளவு உயரம், பலகையில் எழுத்து எவ்வளவு பெரிது என்பதற்கெல்லாம் நாடு முழுக்க ஒரே விதி எழுதியவர்கள் இவர்கள்தான். 1943-இல் நாக்பூரில் கூடிய பொறியாளர்கள் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று படிவாரியாக அடுக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் கற்களின் தலைநிறத்துக்கு அடிப்படை அந்த அடுக்குதான். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. நிறம் மாறினால் சாலைக்குப் பணம் போடுகிற கை மாறிவிட்டது என்று அர்த்தம். இது பயணிக்குச் சொல்லும் செய்தி என்பதைவிடத் துறைக்குத் துறை சொல்லிக்கொள்ளும் செய்தி.

1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1958-இலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மைல் போய்க் கிலோமீட்டர் ஆயிற்று. கல்லை மாற்றிவிட்டார்கள், வாயை மாற்ற முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் "அஞ்சு மைலு இருக்கும்ணே" என்றுதான் சொல்வார்கள். கிலோமீட்டர் கல்லுக்கும் பெயர் மைல்கல்தான். பர்லாங்கும் முழுசாகச் சாகவில்லை. ஒரு பர்லாங்கு 201 மீட்டர் சொச்சம். இன்று கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே நிற்கும் குட்டிக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்று. பெயரைத் தொலைத்துவிட்டுப் பர்லாங்கு அங்கேயேதான் நிற்கிறது.

இந்த விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. சாதாரணக் கிலோமீட்டர் கல் சின்னது. அடுத்து வரும் முக்கிய ஊரைச் சொல்லும். ஐந்தாவது கிலோமீட்டர் கல் பெரியது. அடுத்த ஊரோடு சாலை போய் முடியும் ஊரையும் சேர்த்துச் சொல்லும். பக்கத்து ஊர்க்காரனுக்கும் தூரத்து ஊர்க்காரனுக்கும் ஒரே சாலையில் பங்கு பிரித்துக் கொடுத்த ஏற்பாடு இது. விழுப்புரத்தில் இப்படி ஒரு கல் நின்றிருந்தால் வேங்கடராமன் காலையிலேயே நடையைக் கட்டியிருப்பான்.

எழுத்தும் இந்தக் காலத்தில்தான் மாறியது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் இருந்த தும்பிக்கை போனது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவற்றில் அந்த எழுத்துகள் இல்லை. ஆனால் பக்கத்துப் பாளையம்பட்டிக்கு வடிவம் மாறியது. சென்னைக்கு மாறியது. 'சாலை' என்ற சொல்லுக்கே மாறியது. பெயின்டர்கள் கையைப் பழக்கி எடுக்க வேண்டியிருந்தது. பழைய கற்களில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் பழைய லையும் புதிய லையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தால், இரண்டு காலத்தையும் சேர்த்துப் பார்த்த மாதிரி.

பஸ்ஸின் நெற்றி

கார் இல்லாதவருக்குச் சாலைப் பலகை என்பது பஸ்ஸின் நெற்றியில் இருப்பது. எங்கள் பக்கம் பெரும்பாலான ஜனங்கள் வாழ்நாளில் அதிகம் படித்த எழுத்து அதுவாகத்தான் இருக்கும். தகரப் பலகையில் கையால் எழுதி, முன்கண்ணாடிக்கு மேலே செருகி வைப்பார்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டு ஊர், நடுவில் சின்னதாக 'வழி'. அந்த 'வழி'தான் முக்கியம். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற பஸ், காரியாபட்டி வழியா, பந்தல்குடியில் நிற்குமா, எட்டயபுரம் உள்ளே போகுமா? கடைசி ஊர் பெரிய எழுத்தில் இருக்கும். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சின்ன எழுத்து ஊர்க்காரர்கள். அதனால்தான் போர்டு இருந்தும் கண்டக்டர் வாயால் ஊர் ஊராகக் கூவுகிறார்.

போர்டுக்கு மேல், பஸ்ஸின் உடம்பில், இன்னொரு பெயர் இருந்தது. 1972-இலிருந்து மதுரைப் பக்கம் பாண்டியன், திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாவட்டங்களுக்கும் தலைவர்கள் பெயர் வைத்தார்கள். 1985-இல் பழைய ராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்தபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காமராஜர் மாவட்டத்தில் வந்தன. சிவகங்கைப் பக்கம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய கழகம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது தி.மு.க. அரசு. கட்டபொம்மனின் படைத்தளபதி, ஒட்டப்பிடாரம் பக்கத்துக்காரர், ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டவர், தலித் சமூகத்தில் பிறந்தவர். ஆதிக்கச் சாதியினர் சிலர் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். பஸ்கள் மீது கல் விழுந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் கலவரம் பரவியது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அந்த ஜூலையில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. பாண்டியனும் கட்டபொம்மனும் மருது பாண்டியரும் நேசமணியும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று ஒரே பெயர் ஏறியது.

இன்று இருபது வயதில் இருக்கிறவர்களுக்கு அரசு பஸ்ஸின் அந்த நீளமான, சுவாரசியமில்லாத பெயர் ஏதோ அலுவலகச் சலிப்பில் வந்த மாதிரித் தோன்றலாம். அப்படி இல்லை. ஒரு தலித் வீரனின் பெயரைத் தனியாக நிற்க விடாததால், எல்லாப் பெயரையும் அழித்து வந்த வெற்றிடம் அது. பலகையில் இல்லாத எழுத்துக்கும் வரலாறு உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடக் கசப்பான உதாரணம் இல்லை.

மொழியும் ஸ்பெல்லிங்கும்

பெயர்ப்பலகைக்காகத் தமிழ்நாட்டில் உயிர் போனது அதுதான் முதல்முறை என்றும் சொல்ல முடியாது. 1953 ஜூலையில் டால்மியாபுரம் ரயில் நிலையத்தில் கள்ளக்குடி என்ற பழைய பெயரை ஒட்டச் சென்றது தி.மு.க. மு.கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த போராட்டம். அன்றைய துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 2017 மார்ச்சில் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களின் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப்பெயர்களை அழித்து இந்தியில் எழுதியபோது, மு.க.ஸ்டாலினிலிருந்து வைகோ, ராமதாஸ் வரை எல்லாரும் எதிர்த்தார்கள். வெளியில் இருந்து பார்த்தால், ஒரு கல்லுக்கா இவ்வளவு என்று இருக்கும். அந்தக் கல் யாரை உள்ளூர்க்காரராக நினைக்கிறது, யாரை விருந்தாளியாக நினைக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆங்கிலத்திலும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. அருப்புக்கோட்டையை ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு 'கே'யா, இரண்டு 'கே'யா? திருச்சுழியின் 'ழி'க்கு என்ன செய்வது? 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டது. டூட்டிகோரின் போய், 'டி'யும் 'எச்'சும் வரிசையாக நிற்கும் நீளமான தூத்துக்குடி வந்தது. ஊரெல்லாம் கேலி செய்தது. ஒரே வாரத்தில் அரசாணையைத் திரும்பப் பெற்றார்கள். கேலி எளிது. ஆனால் வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் பலகையில் ஒன்றும் போனில் இன்னொன்றும் பார்த்துக் குழம்பி நிற்கும்போது, ஒரு 'கே'வுக்கும் இரண்டு 'கே'வுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமான வித்தியாசம்தான்.

நான்கு விநாடி

மதுரை–தூத்துக்குடி சாலைக்கு முன்பு 45பி என்று எண். 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். இப்போது அது 38. மஞ்சள் கேடயத்தில் கறுப்பு எண். புதிய முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்காகப் போகப்போக எண் கூடும். கிழக்கு மேற்குச் சாலைகளுக்கு ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். நம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரம் 32, அதற்கு மேற்கே மானாமதுரையில் முடியும் 36, அருப்புக்கோட்டையில் 38, விருதுநகரில் 44. எண்ணைப் பார்த்தே 'மேக்காம' போகிறோம், 'கெழக்காம' போகிறோம் என்று சொல்லிவிடலாம். வழி கேட்டால் நம்மவர்கள் சொல்கிற அதே முறையில்தான் டெல்லியும் எண் போட்டிருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் 38 என்று சொல்வதில்லை. 'ஃபோர்வே' அல்லது 'பைபாஸ்'.

அந்த 38 எங்கே போகிறது தெரியுமா? தூத்துக்குடியில் தொடங்கினால் அருப்புக்கோட்டை, மதுரை, திருச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர். திருச்சுழிப் பையன் ரயில் மாறி, நடந்து, கடுக்கனை அடகு வைத்துப் போய்ச் சேர்ந்த ஊருக்கு, இன்று அவன் பிறந்த ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாம். கடைசி ஊரைத் தேடுகிறவனின் குறையைச் சாலை தீர்த்துவிட்டது.

பக்கத்து ஊரைத் தேடுகிறவன் கதை வேறு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்குவழிச் சாலையில் காருக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். விநாடிக்கு 28 மீட்டர். நூறு மீட்டர் தூரத்தில் எழுத்து தெரிய ஆரம்பித்தால், படிக்கக் கிடைப்பது நான்கு விநாடிகூட இல்லை. அதே நூறு மீட்டரை நடந்து கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். வண்டியோட்டி கல்லின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். கார்க்காரருக்கு மூன்று நான்கு பெயருக்கு மேல் மண்டையில் ஏறாது. ஆகவே பச்சைப் பலகையில் பெரிய ஊர்கள் நிற்கின்றன, சின்ன ஊர்கள் உதிர்கின்றன. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. வேகம் தானாகச் செய்கிற வேலை.

அந்த வேகத்துக்கு எழுத்தைப் பழக்க ஆங்கிலேயர்கள் நிறைய உழைத்தார்கள். பிரிட்டனில் 1950-களின் கடைசியிலிருந்து ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் நெடுஞ்சாலைக்கென்றே எழுத்துரு வடிவமைத்தார்கள். விமானத்தளத்தில் ஆட்களை உட்கார வைத்து, பலகையைக் காரில் ஏற்றி அவர்களை நோக்கி ஓட்டி, எவ்வளவு தூரத்தில் படிக்க முடிகிறது என்று சோதித்தார்கள். தமிழ் எழுத்தின் தேவை வேறு. 'திருச்சுழி'யை எழுதிப் பாருங்கள். மேலே புள்ளி, மேலே வளையும் கொம்பு, கீழே இறங்கும் சு, சுழிந்து நிற்கும் ழி. ஆங்கில வரிக்கு ஒதுக்கும் அதே உயரத்தை இதற்கும் ஒதுக்கினால், மேலும் கீழும் போக நடுவில் மிஞ்சும் எழுத்து சின்னதாகத்தான் இருக்கும். தமிழ் மேல்வரியில் நின்றாலும் கண் கீழ்வரி ஆங்கிலத்துக்குப் போவதற்கு இது ஒரு காரணம். தமிழைத் துரத்த அதிகாரி யாரும் தேவையில்லை. ஒரு அளவுகோல் போதும்.

நான்குவழிச் சாலை ஊரை ஒதுக்கிக்கொண்டு போனதும் இன்னொன்று நடந்தது. சாலை உள்ளூர்க்காரனைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. ராத்திரி தொலைதூர பஸ்ஸில் வருகிறவர்களை "பைபாஸ்லதான் நிக்கும், எறங்குங்க" என்று இருட்டில் இறக்கிவிடுவது தமிழ்நாட்டின் எல்லாச் சின்ன ஊர்களுக்கும் தெரிந்த கதை. இறங்கின அம்மா மூட்டையோடு நிற்கிறார். தலைக்கு மேலே பெரிய பச்சைப் பலகை, வெளிச்சம் பட்டால் பளபளக்கிறது. மதுரை இத்தனை, தூத்துக்குடி இத்தனை. ஊருக்கு எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அது அவரிடம் சொல்வதில்லை. அது அவரைப் பார்த்து எழுதியது இல்லை. அதைப் படிக்க வெளிச்சமும் வாகனத்தில்தான் இருக்கிறது.

இந்த இடத்தை ஊர்க்காரர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். பிரிவுச் சாலை முனைகளில் கோயில் வளைவு, குலதெய்வத்துக்கு அம்புக்குறி போட்ட தகரம், காதுகுத்து பிளெக்ஸ், கட்சிக் கொடிக்கம்பம், பேக்கரிச் சுவரில் ஊர்ப்பெயர். அழகாக இருக்காது. சாதியும் கட்சியும் அதில் துருத்திக்கொண்டு நிற்கும். யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால் ஊரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரியும். ஆனாலும் நடக்கிறவர் பாதையைக் கண்டுபிடிப்பது இவற்றை வைத்துத்தான்.

திருச்சுழிப் பக்கம் உள்ரோடுகளில் பழைய கிலோமீட்டர் கற்கள் சீமைக்கருவேலத்துக்குள் முக்கால்வாசி மூழ்கிவிட்டன. கிளையை விலக்கினால் அடுத்த ஊரின் பெயர் நடக்கிறவரின் கண் உயரத்துக்குச் சற்றுக் கீழே, கையால் எழுதிய தமிழில் இருக்கும். அவற்றை நினைவுச்சின்னமாக்கி வேலி போடச் சொல்லவில்லை. மரத்தை வெட்டி, சுண்ணாம்பு அடித்து, எழுத்தைத் திரும்ப எழுதினால் போதும். நான்குவழிச் சாலையின் ஒவ்வொரு பிரிவிலும், பஸ் ஆட்களை இறக்கிவிடும் இடத்தில், ஆள் உயரத்தில் ஒரு கல் நட வேண்டும். நாலு பக்கத்து ஊரின் பெயர், எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், மேலே ஒரு விளக்கு. ஐந்தாவது கல்லில் கடைசி ஊரையும் மற்ற கற்களில் அடுத்த ஊரையும் எழுதச் சொன்ன விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை நடக்கிறவர்களுக்கும் நீட்டினால் ஆகிற செலவு, ஒரு பச்சைப் பலகைக்கு ஆகிற செலவில் சின்னப் பங்குதான்.